நம் கணினியில் ஜீனோம் ஒப்பீடு ஓடும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

#1 பழைய_மடிக்கணினி

எல்லாருக்கும் வணக்கம். 2014 கடைசியிலிருந்து 2016 வரைக்கும் வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்ல (தன்னார்வலர்களோட வீட்டுக் கணினிகளைச் சேர்த்து ஆராய்ச்சிக் கணக்கு போடற அமைப்பு) "அன்கவரிங் ஜீனோம் மிஸ்ட்ரீஸ்" திட்டத்துக்கு என் மடிக்கணினியை ராத்திரி ராத்திரி ஓட விட்டிருந்தேன். ஒரு நோட்டுல எந்தத் தேதியில எத்தனை வொர்க் யூனிட், அதாவது வேலைத் துண்டு, முடிஞ்சுதுன்னு கூட எழுதி வெச்சிருக்கேன். போன வாரம் அலமாரியை ஒதுக்கும்போது அந்த நோட்டு கையில சிக்கிச்சு. பக்கம் பக்கமா எண்கள். ஆனா ஒரு வரி கூட "இது என்ன கணக்கு"ன்னு நான் எழுதல. அப்போ எனக்குத் தெரியவும் தெரியாது, இப்பவும் தெரியல.

அந்த வேலையை வாங்கி ஓட்டற பாயிங்க் மேனேஜர் நிரல்ல சதவீதம் ஏறும், நூறு ஆகும், ஃபைல் மேலே போகும், அடுத்தது வரும். உயிரினங்களோட புரதங்களை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடுதுன்னு சொன்னாங்க. ஒப்பிடறதுன்னா எப்படி? எழுத்துக்கு எழுத்து பார்க்கறதா? அதுக்கு எதுக்கு இத்தனை ஆயிரம் கணினி? என் கணினி ஒரு நாள் சூடாகி தப்பா ஒரு விடை அனுப்பியிருந்தா அது யாரோ ஒருத்தரோட ஆராய்ச்சியில போய் உட்கார்ந்திருக்குமா? இந்தக் கடைசிக் கேள்விதான் ரொம்ப நாளா உறுத்திக்கிட்டு இருக்கு. தெரிஞ்சவங்க பொறுமையா சொன்னா நல்லா இருக்கும்.

#2 வரிசைப்பித்து

நல்ல கேள்வி. என் வேலையே புரதங்களுக்குப் பெயர் வைப்பது என்பதால் முதல் பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன். சர்வர் பக்க விஷயத்தை ஆறுகோர் வந்து சொல்லட்டும்.

புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்த சரம். ஒவ்வொரு வகைக்கும் ஓர் எழுத்து கொடுத்துவிட்டால் ஒரு புரதம் என்பது சில நூறு எழுத்துகள் கொண்ட நீண்ட சொல் ஆகிவிடுகிறது. பரிணாமத்தில் இந்தச் சொல்லுக்கு மூன்று விதமாகச் சேதம் வரும்: ஓர் எழுத்து வேறாக மாறும், நடுவில் புதிதாக எழுத்து நுழையும், இருந்தது உதிரும். ஒரே மூதாதையரிலிருந்து பிரிந்த இரண்டு புரதங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தால் பாதிக்கும் மேல் மாறியிருக்கலாம். அதனால் முதல் எழுத்தை முதல் எழுத்தோடு, இரண்டாவதை இரண்டாவதோடு வைத்துப் பார்த்தால் ஒன்றும் தேறாது. நடுவில் ஓர் எழுத்து உதிர்ந்திருந்தாலே அதற்குப் பின்னால் எல்லாம் ஒரு படி நகர்ந்துவிடும்.

இதற்கான வழியை டெம்பிள் ஸ்மித்தும் மைக்கேல் வாட்டர்மேனும் 1981-ல் கொடுத்தார்கள். அதற்கு முன்பே 1970-ல் நீடில்மன், வுன்ஷ் இருவரும் முழு நீளத்தையும் பொருத்தும் முறையைக் கொடுத்திருந்தார்கள். ஸ்மித்-வாட்டர்மேன் முறை, இரண்டு வரிசைகளுக்குள்ளும் எந்தத் துண்டு மிக நன்றாகப் பொருந்துகிறது என்று தேடும். ஜீனோம் ஒப்பீட்டுக்கு இதுதான் வேண்டும், ஏனென்றால் இரண்டு புரதங்களில் ஒரு பகுதி மட்டும் உறவாக இருப்பது சாதாரணம்.

சொல்லிக்கொண்டே போவதைவிடக் கட்டம் போட்டுக் காட்டிவிடுகிறேன். எளிதாக இருக்கட்டும் என்று டிஎன்ஏ எழுத்துகள் நான்கை மட்டும் எடுக்கிறேன். மேலே ஏ-சி-ஜி-டி-ஏ, பக்கவாட்டில் ஏ-சி-டி-ஏ. எழுத்து ஒத்துப்போனால் 2 கூட்டு, ஒத்துப்போகாவிட்டால் 1 கழி, இடைவெளி விட்டால் 2 கழி. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று வழியைப் பார்க்க வேண்டும்: மூலைவிட்டமாக வருவது, மேலிருந்து வருவது, இடமிருந்து வருவது. மூன்றில் பெரியதை எழுது. மூன்றுமே பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் எழுது.

```
      ஏ   சி   ஜி   டி   ஏ
ஏ     2    0    0    0    2
சி    0    4    2    0    0
டி    0    2    3    4    2
ஏ     2    0    1    2    6
```

பெரிய எண் கடைசி மூலையில் இருக்கும் 6. அங்கிருந்து வந்த வழியே பின்னால் நடந்தால் 6, 4, 2, 4, 2 என்று போகும். அதில் நடு 2-லிருந்து 4-க்கு ஏறும் இடத்தில் ஜி-க்கு எதிரே இடைவெளி விழுகிறது. அதாவது "ஏ-சி-ஜி-டி-ஏ" என்பதில் ஜி உதிர்ந்தால் "ஏ-சி-டி-ஏ". நாலு பொருத்தத்துக்கு 8, ஓர் இடைவெளிக்கு 2 போக 6.

நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது உங்கள் மடிக்கணினி செய்த வேலை இந்தக் கட்டம் நிரப்புவதுதான். கூட்டல், கழித்தல், எது பெரிது என்று பார்த்தல். வேறு ஒன்றும் இல்லை. கோடி கோடி முறை.

#3 முதலாண்டு_மாணவி

அக்கா, இந்தக் கட்டத்தை நானும் பேப்பர்ல போட்டுப் பார்த்தேன், அப்படியே வருது! ரெண்டு சந்தேகம். பூஜ்யத்துக்குக் கீழே போனா ஏன் பூஜ்யம்னு எழுதணும்? அப்புறம் புரதத்துக்கு 20 எழுத்து இருக்கே, அங்கேயும் ஒத்துப்போனா 2, இல்லன்னா −1 தானா?

#4 வரிசைப்பித்து

பேப்பரில் போட்டுப் பார்த்ததே பாதிப் புரிதல். பூஜ்யம் என்றால் "இதுவரை வந்த வழி வீண், இங்கிருந்து புதிதாக ஆரம்பி" என்று பொருள். அது இல்லாவிட்டால் முன்பகுதியில் இருக்கும் ஒவ்வாமை, பின்பகுதியில் இருக்கும் நல்ல பொருத்தத்தையும் கீழே இழுத்துவிடும். 1970 முறைக்கும் 1981 முறைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இந்தப் பூஜ்யம்தான்.

புரதத்தில் எல்லாப் பொருத்தமும் சமம் இல்லை. ஹெனிகாஃப் தம்பதி 1992-ல் வெளியிட்ட பிளோசம்62 அட்டவணையில் லூசினுக்கு லூசின் வந்தால் 4, டிரிப்டோஃபேனுக்கு டிரிப்டோஃபேன் வந்தால் 11. டிரிப்டோஃபேன் அரிது, எளிதில் மாறாதது. அது இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் நின்றால் அது சும்மா நேர்ந்திருக்க வாய்ப்பு குறைவு. ஐசோலூசினும் வேலினும் வேறு வேறு எழுத்துதான், ஆனாலும் 3 கிடைக்கும். இரண்டும் குணத்தில் அவ்வளவு நெருக்கம், ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்தால் புரதம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இடைவெளிக்கும் முதல் இடத்துக்கு அதிக அபராதம், அதைத் தொடர்ந்து நீட்டினால் குறைவு. அதை வேகமாகக் கணக்கிடும் வழியை 1982-ல் கோட்டோ கொடுத்தார்.

#5 ஆறுகோர்

வந்துட்டேன். எதுக்கு இத்தனை ஆயிரம் கணினின்னு கேட்டீங்க. கணக்கைப் போட்டாலே தெரிஞ்சிடும்.

ஒரு புரதம் சராசரியா 300 எழுத்துன்னு வெச்சுக்குவோம். ரெண்டு புரதத்துக்கு ஒரு கட்டம், 300 × 300, அதாவது 90,000 அறை. இது ஒண்ணும் பெரிசில்ல, கண் இமைக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும். ஆனா கையில 10 லட்சம் புரதம் இருக்கு, எல்லாத்தையும் எல்லாத்தோடயும் ஒப்பிடணும்னா ஜோடி எத்தனை? 50,000 கோடி. ஒரு சாதாரண புரோகிராம் ஒரு கோர்ல நொடிக்கு 10 கோடி அறை நிரப்புதுன்னு வெச்சா, மொத்த வேலைக்கு 14 வருஷத்துக்கு மேல ஆகும். புரதம் ரெண்டு மடங்கு ஆனா வேலை நாலு மடங்கு.

இப்ப இதை எப்படிப் பிரிக்கிறது? இங்கதான் இந்தக் கணக்கோட அழகு இருக்கு. எந்த ஜோடிக்கும் இன்னொரு ஜோடியோட விடை தேவையில்ல. வானிலை மாதிரி கணக்குன்னா பக்கத்துக் கட்டத்து விடை தெரியாம நகர முடியாது, கணினிகள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டே இருக்கணும். இங்க யாரும் யாரோடவும் பேச வேணாம்.

10 லட்சத்தை 5,000 5,000-ஆ 200 கட்டாப் பிரிக்கிறோம். முதல் கட்டுக்கும் முதல் கட்டுக்கும் ஒரு வொர்க் யூனிட், முதலுக்கும் ரெண்டாவதுக்கும் ஒண்ணு, இப்படியே போனா மொத்தம் 20,100 யூனிட். ஒரு கட்டு 15 லட்சம் எழுத்து, சுமார் ஒன்றரை எம்பி. ஆக உங்க கணினிக்கு வர்றது ரெண்டு ஃபைல், 3 எம்பி. அதை வெச்சுக்கிட்டு அது ஆறேகால் மணி நேரம் உழைக்கும்.

கட்டை ஏன் ஆயிரம் ஆயிரமா வைக்கக் கூடாதுன்னா, அப்போ டவுன்லோடு 600 கேபிதான், ஆனா வேலை வெறும் கால் மணி நேரத்துல முடிஞ்சிடும். கட்டை அஞ்சு மடங்கு பெருசாக்கினா டவுன்லோடு அஞ்சு மடங்கு, வேலை இருபத்தஞ்சு மடங்கு. சர்வர்ல இருந்து வீட்டுக்கு வர்ற இணைப்புதான் இந்த மாதிரி கம்ப்யூட்டிங்குல குறுகலான இடம். கொஞ்சம் தரவு அனுப்பி நிறைய வேலை வாங்க முடிஞ்சா மட்டும்தான் வீட்டுக் கணினிக்கு அனுப்பறதுல அர்த்தம் இருக்கு. எல்லாத்தையும் எல்லாத்தோட ஒப்பிடற கணக்கு அதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. அதுக்காக கட்டை ரொம்பப் பெருசாக்கினா ஒரு யூனிட் நாள் கணக்கா ஓடும், தினம் ரெண்டு மணி நேரம் மட்டும் கணினியைத் திறக்கறவர் டெட்லைனுக்குள்ள முடிக்க மாட்டார். நடுவுல ஒரு அளவு பிடிக்கணும்.

ஆயிரம் கணினி தினம் எட்டு மணி நேரம் ஓடினா அந்த 14 வருஷ வேலை பதினாறு நாள். இதுதான் உங்க கேள்விக்குப் பதில்.

இன்னொரு விஷயம், நடுவுல கணினியை அணைச்சுட்டா என்ன ஆகும்னு பலர் பயப்படுவாங்க. இந்தக் கணக்குல செக்பாயின்ட் எடுக்கறது ரொம்பச் சுலபம். முதல் கட்டுல எத்தனாவது புரதம் வரைக்கும் முடிஞ்சுதுன்னு ஒரே ஒரு எண்ணை எழுதி வெச்சாப் போதும்.

#6 பழைய_மடிக்கணினி

ஆறேகால் மணி நேரத்துக்கு 3 எம்பின்னு சொன்னப்பதான் நிம்மதியா இருந்துச்சு. என்னோட இணைப்பு அப்போ அவ்வளவு மோசம்.

அந்தத் தப்பு விடை கேள்வி மட்டும் பாக்கி இருக்கு. அந்த மடிக்கணினி ஃபேன்ல தூசி அடைச்சு ஒரு கோடை முழுக்கத் தகிச்சுக்கிட்டே ஓடினது. ரெண்டு மூணு தடவை தானாவே அணைஞ்சிருக்கு.

#7 ஆறுகோர்

அந்தக் கவலையை விட்டுடுங்க. வீட்டுக் கணினியை நம்பி எந்தத் திட்டமும் நடக்கறதில்ல. நம்பாம எப்படி வேலை வாங்கறதுங்கறதுதான் பாயிங்க்கோட மூலக் கருத்து. பெர்க்லியில டேவிட் ஆண்டர்சன் குழு, வேற்றுக்கிரக சிக்னலைத் தேடற செட்டி அட் ஹோமை 1999 மே மாசம் ஆரம்பிச்சாங்க. அதுல கிடைச்ச பாடத்தை எல்லாம் சேர்த்து, யார் வேணும்னாலும் தன் திட்டத்தை ஓட்டிக்கற மாதிரி எழுதினதுதான் பாயிங்க்.

ஒரே யூனிட்டை ஒருத்தருக்கொருத்தர் தெரியாத ரெண்டு கணினிக்கு அனுப்பறதுதான் அடிப்படை வழி. ரெண்டு விடையும் ஒத்துப்போனா ஏத்துக்கும், கிரெடிட் கொடுக்கும். ஒத்துப்போகலன்னா மூணாவதா ஒருத்தருக்குப் போகும். எத்தனை பேர் ஒத்துப்போகணும்ங்கறதுதான் கோரம். ரொம்ப நாள் பிசகாம வேலை செஞ்ச கணினிக்கு மட்டும் தனியா அனுப்பிட்டு, அப்பப்போ திடீர்னு ரெண்டாவது ஆளை வெச்சு சோதிக்கற ஏற்பாடும் உண்டு. உங்க கணினி தகிச்சு ஒரு எண் தப்பாப் போயிருந்தா, இன்னொரு நாட்டுல இருக்கற யாரோ ஒருத்தரோட கணினியும் அதே இடத்துல அதே தப்பைச் செஞ்சிருந்தாதான் அது உள்ளே போயிருக்கும்.

இதுல ஜீனோம் ஒப்பீட்டுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. மருந்து மூலக்கூறு, புரத அசைவு மாதிரி கணக்கு எல்லாம் தசமப் புள்ளி எண்கள்ல ஓடும். இன்டெல் சில்லுல வர்ற கடைசி இலக்கமும் வேற சில்லுல வர்றதும் ஒண்ணா இருக்காது, படி ஏற ஏற அந்த வித்தியாசம் பெருகும். அதனால அங்க ஒரே மாதிரி சில்லு, ஒரே இயங்குதளம் இருக்கறவங்களுக்குள்ளயே யூனிட்டைப் பகிர்ற ஏற்பாடு கூட தேவைப்படும். ஸ்மித்-வாட்டர்மேன் ஸ்கோர் முழு எண். 6-ன்னா எந்தக் கணினியிலயும் 6.

கேட்க நல்லா இருக்கும். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆறு நண்பர்களோட கணினிகளை வெச்சு ஒரு சின்ன பாயிங்க் சர்வர் வெச்சிருக்கேன், 12 பாக்டீரியாவோட புரதங்கள், சுமார் 48,000. முதல் நாள் அனுப்பின யூனிட்ல பாதிக்கு மேல ஒத்துப்போகல! ஸ்கோரை எடுத்துப் பார்த்தா எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு. விடிய விடிய தேடினேன். விண்டோஸ்ல வரி முடியற இடத்துல ரெண்டு குறி போடும், லினக்ஸ்ல ஒண்ணு. நான் எழுதின வேலிடேட்டர், அதாவது ரெண்டு விடையையும் ஒத்துப்பார்க்கற நிரல், ஃபைலை பைட்டுக்கு பைட் ஒப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு. வரி வரியாப் படிச்சு எண்களை மட்டும் ஒப்பிட வெச்சதும் சரியாப் போச்சு.

இன்னமும் யூனிட்டுக்கு ஏழெட்டு ஜோடி மட்டும் முரண்டு பிடிக்குது. ஸ்கோர் ஒண்ணு, ஆனா பொருத்தம் ஆரம்பிக்கற இடமும் முடியற இடமும் வேற வேற. அது என்னன்னு புரியல. இப்போதைக்கு ஸ்கோரை மட்டும் ஒப்பிட்டு விட்டிருக்கேன்.

#8 வரிசைப்பித்து

ஆறுகோர் பிரிப்பதைச் சொன்னார். என்னைப் பொறுத்தவரை இதில் ஆபத்தான இடம் சேர்ப்பதில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஸ்கோர் 85 என்று வந்தால் அது பெரிதா சிறிதா? உறவே இல்லாத இரண்டு புரதங்களுக்கும் தற்செயலாகக் கொஞ்சம் ஸ்கோர் வரத்தான் செய்யும். அதனால் உயிர்த் தகவலியலில் ஈ-மதிப்பு என்று ஒன்றைப் பார்ப்போம்: இவ்வளவு பெரிய குவியலில் தேடினால், தற்செயலாகவே இந்த ஸ்கோரோ அதற்கு மேலோ எத்தனை முறை வரும்? தேடும் வரிசையின் நீளத்தைக் குவியலின் மொத்த நீளத்தால் பெருக்கி, அதை இரண்டின் அடுக்கால் வகுக்க வேண்டும். அடுக்கு என்பது பிட் ஸ்கோர், அதாவது ஸ்கோரைப் பொதுவான ஓர் அளவுகோலுக்கு மாற்றிய எண்.

ஆறுகோரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பிட் ஸ்கோர் 40 வந்த ஒரு ஜோடி. உங்கள் கணினிக்குத் தெரிந்த குவியல் 15 லட்சம் எழுத்து மட்டும். அதை வைத்துப் பார்த்தால் ஈ-மதிப்பு 0.0004. நல்ல உறவு என்று எழுதிவிடும். ஆனால் உண்மையான குவியல் 30 கோடி எழுத்து. அதை வைத்துப் பார்த்தால் 0.08. இதை நான் ஏற்க மாட்டேன். ஜோடி அதே, ஸ்கோர் அதே, 200 மடங்கு வித்தியாசம். பல ஆராய்ச்சிகளில் 0.001-ஐக் கோடாக வைப்பார்கள். துண்டு துண்டாகப் பிரித்ததாலேயே இந்த ஜோடி கோட்டுக்கு உள்ளே வந்துவிடும்.

அதனால் தன்னார்வலர் கணினியிடம் ஈ-மதிப்பைக் கேட்கவே கூடாது, அல்லது முழுக் குவியலின் அளவை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஸ்கோரை வாங்கி வைத்துக்கொண்டு, கடைசியில் மொத்தத்தையும் தெரிந்த ஓர் இடத்தில் கணக்கிடுவதே நல்லது. குவியல் அடுத்த ஆண்டு பெரிதானாலும் ஸ்கோர் மாறாது.

எல்லா ஸ்கோரையும் திருப்பி அனுப்பவும் முடியாது. 5,000-க்கு 5,000 என்றால் இரண்டரைக் கோடி ஜோடி. ஒரு ஜோடிக்கு 8 பைட் என்றாலே 200 எம்பி. வந்தது 3 எம்பி, போவது 200 எம்பி என்றால் யாருடைய இணைப்பும் தாங்காது. ஒரு கீழ்வரம்பு வைத்து அதற்கு மேலே வருவதை மட்டும் அனுப்பச் சொல்வார்கள். பெரும்பாலான ஜோடிகளுக்கு உறவே இல்லை என்பதால் கோப்பு சிறுத்துவிடும். அந்த வரம்பைத் தாழ்வாக வைக்க வேண்டும். கழித்துவிட்டதைத் திரும்பப் பெற வழியில்லை, மறுபடி முழுக்க ஓட்டினால்தான் உண்டு.

#9 இரவுச்சுழல்

எல்லாம் சரி. ஆனா ஒண்ணு கேக்கறேன், மனசுல பட்டதைச் சொல்றேன். இப்ப இதுக்கெல்லாம் தேவை இருக்கா? 1990-லயே பிளாஸ்ட்னு வேகமாத் தேடற நிரல் வந்தாச்சு. 2007-ல ஃபரார் எழுதின முறையில ஒரே கோர்ல ஸ்மித்-வாட்டர்மேனையே பல மடங்கு வேகமா ஓட்டலாம். அதே மாதிரி வேகமான நிரல்கள்தான் 2015-ல டயமண்ட், 2017-ல எம்எம்சீக்ஸ்2. நான் வேலை செய்யற இடத்துல லட்சக்கணக்கான புரதத்தை டயமண்ட்ல போட்டா சாயங்காலத்துக்குள்ள விடை வந்துடுது. ஆயிரம் வீட்டுல மின்சாரம் எரியணுமா? அதுவும் கோரம்னு சொல்லி ஒரே கணக்கை ரெண்டு தடவை!

இன்னொன்னு, பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. ஸ்டான்ஃபோர்டு நடத்தின ஜீனோம் அட் ஹோம் திட்டத்துல ஜீனோம் ஒப்பீடே கிடையாது, புது புரத வரிசைகளை வடிவமைக்கற கணக்கு.

#10 வரிசைப்பித்து

நியாயமான கேள்வி, பாதி ஒத்துக்கொள்கிறேன். இன்று ஒருவர் புதிதாகத் தொடங்கினால் முதல் சல்லடைக்கு நானும் டயமண்டைத்தான் எடுப்பேன்.

ஆனால் அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? பிளாஸ்ட், புரதத்தில் மூன்று எழுத்துத் துண்டு ஒன்று நன்றாகப் பொருந்தும் இடத்தை முதலில் தேடும். அப்படி ஓர் இடம் இருந்தால்தான் அங்கிருந்து நீட்டிப் பார்க்கும். இல்லாவிட்டால் அந்த ஜோடியைத் தொடவே தொடாது. டயமண்டும் வேறு விதமான விதைகளைக் கொண்டு அதையே செய்கிறது. மிகப் பழைய உறவுகளில் எழுத்துகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் ஒத்திருக்கும், விதை விழ இடமே இருக்காது. முழுக் கட்டத்தையும் நிரப்புகிறவனுக்கு மட்டும்தான் அது தெரியும். அதுமட்டும் இல்லை: வேகமான முறை எத்தனையைத் தவறவிடுகிறது என்று அளக்கவே தவறவிடாத முறையின் விடை பக்கத்தில் இருக்க வேண்டும்.

2006 நவம்பரில் வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்டில் பிரேசிலின் ஓஸ்வால்டோ குரூஸ் அறக்கட்டளை, சுருக்கமாக ஃபியோகுரூஸ், ஜீனோம் கம்பேரிசன் திட்டத்தைத் தொடங்கியபோது அவர்கள் குறுக்கு வழியை வேண்டாம் என்று முடிவு செய்தே இறங்கினார்கள். முழு ஜீனோம்கள் தெரிந்த உயிரினங்களின் புரதங்களை ஜோடி ஜோடியாக, எஸ்எஸ்சர்ச் என்ற நிரலால், முழு ஸ்மித்-வாட்டர்மேன். 2007 ஜூலையில் முடிந்தது. அதிலிருந்து புரோட்டீன்வேர்ல்டுடிபி என்ற தரவுத்தளத்தைக் கட்டி 2010-ல் வெளியிட்டார்கள்.

அது எதற்கு அவர்களுக்கு அவ்வளவு முக்கியம்? சாகஸ் நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோமா குரூசி ஒட்டுண்ணியின் ஜீனோம் 2005-ல் வெளியானது. அதன் மரபணுக்களில் ஏறத்தாழ பாதிக்கு என்ன வேலை என்றே தெரியவில்லை. ஒரு புரதத்துக்கு வேலை தெரியாதபோது முதலில் செய்வது உறவுக்காரரைத் தேடுவதுதான். வேறு உயிரினத்தில் அதன் தூரத்து உறவுக்கு வேலை தெரிந்திருந்தால் அங்கிருந்து நூல் பிடிக்கலாம். உறவு தவறாகச் சொல்லப்பட்டால் தவறான பெயரும் ஒட்டிக்கொள்ளும், அந்தப் பெயரைப் பார்த்து அடுத்தவர் இன்னொன்றுக்குப் பெயர் வைப்பார். நான் தினமும் இந்தத் தவறுகளைத்தான் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய_மடிக்கணினி, நீங்கள் ஓட்டியது அதற்கு அடுத்தது. ஃபியோகுரூஸும் சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தியது. கடலோரப் பாசிகளின் மேல் வாழும் நுண்ணுயிர்கள் வரை அதில் இருந்தன.

#11 ஆறுகோர்

இரவுச்சுழல் கேட்ட மின்சாரக் கேள்வியை நான் லேசா எடுத்துக்கல. ஒரே கணக்கைத் திரும்பப் போடறதுதான் உண்மையான வீண். அதைத் தவிர்க்க வழி உண்டு, சிமாப்புன்னு ஒரு திட்டம் அதைத்தான் செஞ்சுது. முதல்ல மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல, அப்புறம் வியன்னா பல்கலைக்கழகத்துல. 2014 கடைசி வரைக்கும் பாயிங்க்ல ஓடிச்சு. ஒருமுறை ஒப்பிட்ட ஜோடியைத் திரும்ப ஒப்பிட வேணாம், விடையைச் சேமிச்சு வை. புதுசா வர்ற புரதத்தை மட்டும் பழசு எல்லாத்தோடயும் ஒப்பிடு. 10 லட்சம் இருக்கற இடத்துல 10,000 புதுசா வந்தா ஜோடி சுமார் 1,000 கோடிதான், 50,000 கோடி இல்ல. உலகத்துல இருக்கற ஒவ்வொரு ஆய்வகமும் தனித்தனியா அதே பிளாஸ்ட் ஓட்டறதுக்குப் பதிலா ஒரு இடத்துல போட்டு வெச்சு எல்லாரும் எடுத்துக்கறது. அவங்களும் முழு ஸ்மித்-வாட்டர்மேனை எல்லா ஜோடிக்கும் ஓட்டல. ஃபாஸ்டாங்கற வேகமான குறுக்கு வழி முறையில சலிச்சு, தேறினதுக்கு மட்டும் ஸ்மித்-வாட்டர்மேன். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி.

#12 முதலாண்டு_மாணவி

நான் இன்னொரு ஜோடி போட்டுப் பார்த்தேன். மேலே ஏ-சி-சி-டி, பக்கவாட்டுல ஏ-சி-டி. ஆனா எனக்கு ஏதோ தப்பாகுது போல. பெரிய எண் ரெண்டு இடத்துல வருது.

```
      ஏ   சி   சி   டி
ஏ     2    0    0    0
சி    0    4    2    0
டி    0    2    3    4
```

நடுவுல ஒரு 4, கடைசியில ஒரு 4. நடு 4-லிருந்து போனா "ஏ-சி" மட்டும் பொருந்துது. கடைசி 4-லிருந்து பின்னாடி போனா அந்த 2-க்கே ரெண்டு வழி இருக்கு. மூலைவிட்டமாப் போனா "சி-டி" மட்டும். இடப்பக்கம் போனா "ஏ-சி-இடைவெளி-டி" முழுசா. எல்லாத்துக்கும் ஸ்கோர் 4 தான். இதுல எது சரி?

#13 வரிசைப்பித்து

ஒரு தப்பும் இல்லை. எல்லாமே சரி. பூஜ்யம் வந்த இடத்தையும் தாண்டி நடந்தால் "ஏ-இடைவெளி-சி-டி" என்று நாலாவதும் வரும், அதற்கும் 4. சமமான விடைகளில் எதைச் சொல்வது என்று அல்காரிதம் சொல்லவில்லை, நிரல் எழுதுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

#14 ஆறுகோர்

இதுதான்மா! இதேதான் என்னோட ஏழெட்டு ஜோடி! நண்பர்கள்ல ரெண்டு பேர்கிட்ட ஃபரார் முறையில எழுதின வேகமான நிரல் ஓடுது, மத்த நாலு பேர்கிட்ட சாதாரண நிரல். ஒண்ணு கட்டத்தை வரிசை வரிசையா நிரப்பும், இன்னொண்ணு பத்தி பத்தியா. பெரிய எண் ரெண்டு இடத்துல இருந்தா எது முதல்ல கண்ணுல படுதோ அதை எழுதிடும். ஒரு இரவு முழுக்க நினைவகத்துல பிழைன்னு தேடிக்கிட்டு இருந்தேன்.

இப்போ விதி எழுதிட்டேன். சமமா வந்தா மேலே எழுதின புரதத்துல முதல்ல முடியறதை எடு. அதுவும் சமம்னா பக்கவாட்டுல எழுதின புரதத்துல முதல்ல முடியறதை எடு. பின்னாடி நடக்கும்போது மூலைவிட்டத்துக்குத்தான் முதலிடம். பூஜ்யம் வந்தா அங்கேயே நில். ரெண்டு நிரலுக்கும் ஒரே விதி. முரண்டு பிடிச்ச யூனிட்டுகளைத் திரும்ப அனுப்பியிருக்கேன். பழைய_மடிக்கணினி, இன்னமும் அந்த மடிக்கணினி ஓடுதுன்னா சேர்ந்துக்கறீங்களா? விண்டோஸ் ஆள் ஒருத்தர் குறையுது.

#15 பழைய_மடிக்கணினி

ஃபேனைக் கழற்றித் தூசி தட்டிட்டு நேத்து ராத்திரி சேர்ந்துட்டேன். காலையில மூணு யூனிட் முடிஞ்சிருந்துச்சு. மூணுமே ஆறுகோரோட லினக்ஸ் கணினியோட ஜோடி. ரெண்டு பேரோட விடை ஃபைலையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வெச்சு நானே வரி வரியாப் பார்த்தேன். ஸ்கோர், ஆரம்பம், முடிவு எல்லாம் ஒண்ணு. அந்தப் பழைய நோட்டுல அடுத்த பக்கத்துல தேதி போட்டு எழுதிட்டேன்: 3 யூனிட், கட்டம் நிரப்பினது.